நெஞ்செலும்புக்குப் பின்னால் ஒரு கட்டி: தைமஸ் சுரப்பியின் அரிய கட்டிகளை இனங்காண ஒரு முழுமையான வழிகாட்டி

என் சின்னம்மாவுக்கு அப்போது 52 வயது. கொழும்பு வெள்ளவத்தையில் வீட்டோடு தையல் வேலை செய்துகொண்டிருந்தார். காலையில் ஊசியில் நூல் கோப்பதில் ஒரு சிக்கலும் இருக்காது. பின்னேரமானால் இடது கண்ணிமை தானாக இறங்கும். "தம்பி, நாலு மணிக்குப் பிறகு ஒரு நூல் ரெண்டாத் தெரியுது" என்பார். மூக்குக்கண்ணாடியை இரண்டு தரம் மாற்றிப் பார்த்தோம். ஒரு வருடம் அப்படியே போனது. பிறகு விடாத இருமலுக்காக எடுத்த எக்ஸ்ரேயில் நெஞ்சின் நடுவே ஒரு நிழல் தெரிந்தது. சி.ரி. ஸ்கானில் அது 6 சென்ரிமீற்றர் கட்டி. ஊசியால் எடுத்த சிறு துண்டுக்கு வந்த ரிப்போர்ட்டில் எழுதியிருந்த பெயர் லிம்போபிளாஸ்டிக் லிம்போமா.

அது வேகமாகப் பரவும் ஒரு புற்றுநோய். இரண்டு மூன்று வருடம் கீமோ செய்ய வேண்டியிருக்கும் என்றார்கள். வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. அதே ஸ்லைடுகளை இன்னொரு நோயியல் நிபுணரிடம் கொண்டுபோனோம். அவர் கேட்ட முதல் கேள்வி: "இவவுக்குக் கண்ணிமை இறங்குமோ?" பிறகு கெரட்டின் சாயம் ஏற்றிப் பார்த்து, இது பி1 வகைத் தைமோமா, அதாவது தைமஸ் சுரப்பியின் சொந்தக் கலங்களில் வரும் கட்டி, என்று எழுதினார். இதற்கு முதல் வைத்தியம் சத்திரசிகிச்சை. கட்டி ஒன்றுதான், துண்டும் ஒன்றுதான். முதல் தரம் அனுப்பிய படிவத்தில் 'நெஞ்சில் கட்டி' என்று மட்டும் இருந்தது. இமை இறங்குவது பற்றி ஒரு வரியும் இல்லை.

நான் ஆய்வுகூடத்தில் இழையம் வெட்டிச் சாயம் ஏற்றும் வேலையில் இருப்பவன். வைத்தியர் இல்லை. ஆனாலும் இந்தக் கட்டிகளின் துண்டுகள் என் கையால் போகின்றன, சொந்தத்திலும் ஒருவருக்கு வந்தது. தைமஸ் கட்டியை எந்த ஒரு ரிப்போர்ட்டும் தனியாகச் சொல்லிவிடாது என்பதுதான் நான் கண்டது. நோயாளி சொல்லும் கதை, இரத்தம், படம், இழையம் ஆகிய நான்கும் ஒன்றோடொன்று ஒத்துப்போக வேண்டும். எதை எதற்கு முன் செய்வது என்ற வரிசையும் பிசகக்கூடாது. அந்த வரிசையைத்தான் கீழே எழுதியிருக்கிறேன்.

முதலில், இந்தச் சுரப்பி என்ன செய்கிறது?

நெஞ்செலும்புக்குப் பின்னால், இதயத்துக்கு முன்னால், இரண்டு மடலாகப் படுத்திருக்கும் மென்மையான உறுப்பு தைமஸ். நோய் எதிர்ப்பு வேலை செய்யும் ரி கலங்கள் எலும்பு மச்சையில் பிறந்து, இங்கே வந்துதான் பயிற்சி பெறுகின்றன. பருவ வயதுக்குப் பிறகு சுரப்பி மெல்ல மெல்லச் சுருங்கி, பெரும்பகுதி கொழுப்பாகிவிடும். இதற்கென்று ஒரு வேலை உண்டு என்பதையே 1961இல்தான் ஜாக் மில்லர் எலிகளில் செய்த ஆய்வால் உலகம் அறிந்தது. அதுவரை பலரும் இதை வேலை முடிந்துபோன மிச்சச் சுரப்பியாகவே எண்ணியிருந்தார்கள்.

தைமஸின் சொந்தக் கலங்களில் வரும் தைமோமா, ஆண்டுக்கு 10 இலட்சம் பேரில் ஓரிருவருக்கு வருகிற அளவுக்கு அரிது. பெரும்பாலும் 40 வயது தாண்டியவர்களுக்கு வரும். அதைவிட அரியவையும் இதே இடத்தில் வளரலாம்: தைமஸ் புற்று, கார்சினொயிட், கொழுப்பு நிறைந்த தைமோலிப்போமா, நீர்க்கட்டி, சில லிம்போமாக்கள் (நிணநீர்க் கலங்களின் புற்று), கருவணுக் கட்டிகள் (முட்டை, விந்து உண்டாக்கும் வகைக் கலங்களில் வருபவை). கழுத்திலிருந்து கீழே இறங்கிய தைரொயிட் வீக்கமும் இங்கே வந்து உட்காரும். நமது நாட்டில் காசநோயால் வீங்கிய நிணநீர் முடிச்சுகளையும் மறந்துவிட முடியாது. ஒரே இடத்தில் இத்தனை வகை. வைத்தியம் ஒவ்வொன்றுக்கும் வேறு.

படி 1: கதையை எழுதிக்கொள்ளுங்கள்

ஒரு சின்னக் கொப்பி வாங்குங்கள். ஸ்கானுக்கு ஓடுவதற்கு முன்பே, என்ன மாற்றம் எப்போது தொடங்கியது என்று திகதியோடு அதில் எழுதுங்கள்.

முதலில் பார்க்க வேண்டியது மையஸ்தீனியா கிறேவிஸ் என்ற தசைப் பலவீனம். தைமோமா உள்ளவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கோ அதற்கு மேலோ இது இருக்கும். மறுபக்கம் பார்த்தால், மையஸ்தீனியா உள்ளவர்களில் 100க்கு 10 முதல் 15 பேருக்குத் தைமோமா இருக்கும். நரம்பின் செய்தி தசைக்குப் போய்ச் சேரும் இடத்தை உடம்பின் சொந்தப் பிறபொருளெதிரிகளே (அன்டிபொடிகளே) அடைத்துவிடுவதால் வருவது இது. பாவிக்கப் பாவிக்கத் தசை ஓயும், ஓய்வு கொடுத்தால் மீளும். அதனால்தான் காலையில் நன்றாக இருப்பவர் பின்னேரம் விழுகிறார்.

இதைச் சொல்லும்போது நம்முடைய சொற்கள் கொஞ்சம் காலை வாரும். 'களைப்பு', 'சோர்வு', 'ஏலாமல் இருக்கு' என்று நாம் சொல்வதை, சிங்களத்தில் யாராவது மாற்றிச் சொல்லும்போது, வைத்தியர் இரத்தச் சோகையையோ மனச்சோர்வையோதான் நினைப்பார். ஆகவே எந்தத் தசை, எந்த நேரம் என்று சொல்லுங்கள். இடியப்பம் சாப்பிட முடிகிறது, பாணின் கரையை மெல்லும்போது பாதியில் தாடை நின்றுவிடுகிறது. ஃபோனில் பத்து நிமிடம் பேசினால் குரல் மூக்கால் வருகிறது. தலைமுடி வாரும்போது கை தானாக இறங்குகிறது. தண்ணீர் மூக்கில் ஏறுகிறது. இப்படிச் சொன்னால் நரம்பியல் வைத்தியருக்கு அரைவாசி வேலை முடிந்த மாதிரி. இமை இறங்கியிருக்கும் நேரத்தில் ஒரு படமும், காலையில் ஒரு படமும் கைத்தொலைபேசியில் எடுத்து வையுங்கள். சின்னம்மாவுக்கு அப்படி நாங்கள் எடுத்திருந்தால் ஒரு வருடம் மிஞ்சியிருக்கும்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். காரணம் தெரியாமல் இரத்தம் மிகவும் குறைந்து முகம் வெளிறுவது, எலும்பு மச்சையில் செங்குருதிக் கலம் உருவாவதே நின்றுபோவதால் இருக்கலாம். தைமோமாக்காரரில் 100க்கு ஐந்து பேருக்கும் குறைவாகவே இது வரும், ஆனால் வந்தால் பெரிய தடயம். திரும்பத் திரும்ப நெஞ்சுச் சளி, நாட்பட்ட வயிற்றோட்டம் என்று தொற்றுகள் தொடர்ந்தால், பிறபொருளெதிரிகளே குறைந்துபோகும் குட் நோய்க்கூட்டத்தை நினைக்க வேண்டும். ராபர்ட் குட் என்ற வைத்தியர் 1954இல் சொன்னது அது. முகம் வட்டமாக ஊதி, வயிற்றில் ஊதா நிறக் கோடுகள் விழுந்து, சீனியும் பிரஷரும் திடீரென ஏறினால், ஹோர்மோன் சுரக்கும் தைமஸ் கார்சினொயிட்டாக இருக்கலாம். இரவில் உடுப்பு நனையும் வியர்வை, காய்ச்சல், எடை குறைவு எல்லாம் லிம்போமா பக்கம் கை காட்டும். நாட்பட்ட கண் வறட்சியும் வாய் வறட்சியும் இருந்தால் அதையும் எழுதுங்கள். சோக்ரன் நோயோடு சேர்ந்து தைமஸில் மெதுவாக வளரும் மோல்ட் லிம்போமா என்ற அரிய ஒன்று உண்டு.

காத்திருக்கக் கூடாதவை சில. நிமிர்ந்து படுத்தால் மூச்சு முட்டுவது, முகமும் கழுத்தும் காலையில் வீங்குவது, கழுத்து நாளங்கள் புடைத்து நிற்பது, விழுங்கவோ மூச்செடுக்கவோ பலம் போவது. இவற்றில் ஒன்று வந்தால் சனல் பண்ணிய (வைத்தியரைப் பார்க்க முன்பதிவு செய்த) திகதிக்குக் காத்திராமல் உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். 1990 என்ற இலக்கத்துக்கு எடுத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் காசில்லாமல் வரும்.

படி 2: எந்தக் கதவைத் தட்டுவது

கொழும்பில் பலர் செய்வது, தனியார் இடத்தில் ஒரு வைத்தியரைச் சனல் பண்ணி, அவருடைய கடிதத்தோடு அரச வைத்தியசாலைக் கிளினிக்குக்குப் போவது. அது நல்ல வழிதான். தேசிய வைத்தியசாலையில் நரம்பியல் பிரிவும் நெஞ்சறைச் சத்திரசிகிச்சைப் பிரிவும் இருக்கின்றன. வெலிசறையில் சுவாச நோய்களுக்கான தேசிய வைத்தியசாலை இருக்கிறது. புற்றுநோய் என்று உறுதியானால் மகரகம அபேக்ஷா வைத்தியசாலை. கோட்டையிலிருந்து 138 பஸ் போகும். அரச வைத்தியசாலைகளில் சிகிச்சைக்குக் காசில்லை. யாழ்ப்பாணத்திலிருந்தோ மட்டக்களப்பிலிருந்தோ இரவு பஸ்ஸில் வருகிறவர்கள், அங்கே எடுத்த எக்ஸ்ரே, ஸ்கான் இறுவட்டு, இரத்த ரிப்போர்ட் எல்லாவற்றையும் தவறாமல் கொண்டுவாருங்கள். ஒன்று விடுபட்டால் இன்னொரு கிழமை போய்விடும்.

கொழும்பில் மட்டும் வரும் குழப்பம் ஒன்றும் இருக்கிறது. இங்கே 'எம்.ஆர்.ஐ.' என்றால் ஸ்கானும் ஆகும், பொரளையிலுள்ள மருத்துவ ஆராய்ச்சி நிறுவனமும் ஆகும். வைத்தியர் எழுதித் தந்த துண்டில் எம்.ஆர்.ஐ. என்று இருந்தால், இரத்தம் கொண்டுபோய்க் கொடுக்கச் சொல்கிறார்களா, படம் எடுக்கச் சொல்கிறார்களா என்று அந்த இடத்திலேயே கேட்டுவிடுங்கள். இரத்தக் குழாயைக் கையில் வைத்துக்கொண்டு ஸ்கான் வாசலில் நின்றவர்களைப் பார்த்திருக்கிறேன்.

சிங்களம் ஓடாதென்றால் தெரிந்த ஒருவரைக் கூட்டிப்போங்கள். முடியாவிட்டால், கொப்பியில் எழுதியதை ஆங்கிலத்தில் அரைப் பக்கமாக யாரையாவது கொண்டு எழுதுவித்து வைத்தியர் கையில் கொடுங்கள். அந்த அரைப் பக்கம் பைலில் ஏறிவிட்டால், பிறகு வரும் ஒவ்வொரு வைத்தியரும் அதைப் பார்ப்பார்.

படி 3: கத்திக்கும் ஊசிக்கும் முன் இரத்தம்

சாதாரண முழு இரத்தப் பரிசோதனை, ஈரல், சிறுநீரகம், கல்சியம், சீனி எல்லாம் எப்படியும் எடுப்பார்கள். கல்சியத்தைக் கவனியுங்கள் என்று நான் சொல்வதற்குக் காரணம் உண்டு. தைமஸ் கார்சினொயிட் வருபவர்களில் ஏறத்தாழக் கால்வாசிப் பேருக்கு மென்1 என்ற பரம்பரை நோய் இருக்கும். அதில் பராதைரொயிட் சுரப்பி கெட்டுக் கல்சியம் ஏறும். குடும்பத்தில் சிறுநீரகக் கல், பிட்யூட்டரிக் கட்டி, கணையக் கட்டி யாருக்காவது இருந்ததா என்று இந்த இடத்தில் கேட்டுத் தெரிந்து வைத்தால் பின்னால் மிகவும் உதவும்.

அடுத்தது, நரம்பின் செய்தியைத் தசையில் வாங்கும் அசற்றைல்கோலின் ஏற்பிக்கு எதிரான பிறபொருளெதிரி. இமை இறங்காவிட்டாலும், ஒரு அறிகுறியும் இல்லாவிட்டாலும், தைமோமா சந்தேகம் இருந்தால் சத்திரசிகிச்சைக்கு முன் இதைப் பார்த்துவிட வேண்டும். மறைந்திருக்கும் மையஸ்தீனியா, மயக்க மருந்துக்குப் பிறகு மூச்செடுக்க முடியாத நிலையாக வெளிப்படலாம். முன்கூட்டியே தெரிந்தால் நரம்பியல் வைத்தியர் மருந்தால் பலத்தைத் தேற்றிய பிறகே சத்திரசிகிச்சைக்கு விடுவார். இமை இறங்கியவர்களுக்குக் கிளினிக்கிலேயே செய்யும் எளிய சோதனையும் உண்டு: மூடிய கண்ணில் இரண்டு நிமிடம் ஐஸ் வைத்து எடுத்தால், மையஸ்தீனியாவில் இமை கொஞ்சம் உயரும். குளிரில் நரம்புச் செய்தி நன்றாகப் போகும் என்பதால் அப்படி. நரம்பைத் திரும்பத் திரும்பத் தூண்டிப் பார்க்கும் மின் சோதனை அதற்கு அடுத்தது.

இளம் ஆண்களுக்கு ஏ.எஃப்.பி., பீற்றா எச்.சி.ஜி., எல்.டி.எச். என்ற இரத்தக் குறிகள் மூன்றும் கட்டாயம். கருவணுக் கட்டி இதே இடத்தில் வரும். முதல் இரண்டும் மிக உயர்ந்திருந்தால், சில நேரம் பயொப்சிக்கு (துண்டு எடுத்துப் பார்ப்பதற்கு) காத்திராமலே வைத்தியம் தொடங்குவார்கள். 20 வயதுப் பையனுக்கு இந்த மூன்றும் பார்க்காமல் சத்திரசிகிச்சைத் திகதி கொடுத்தால், தயங்காமல் கேளுங்கள்.

ஏற்கெனவே மையஸ்தீனியா என்று தெரிந்தவர்கள் பாமசியில் கேட்டு வாங்கும் மருந்துகளிலும் கவனமாக இருக்க வேண்டும். சிப்ரோஃப்லொக்சசின், அசித்ரோமைசின், ஜென்ரமைசின் போன்ற நுண்ணுயிர்க்கொல்லிகள், புரொப்ரனலோல் போன்ற பீற்றா மருந்துகள், நாளத்தில் ஏற்றும் மக்னீசியம் எல்லாம் பலவீனத்தைத் திடீரென்று கூட்டலாம். எந்த வைத்தியர் மருந்து எழுதினாலும் முதலில் அந்த நோயின் பெயரைச் சொல்லுங்கள்.

படி 4: படம்

எக்ஸ்ரே ஒரு நிழலைத்தான் காட்டும். அடிப்படைப் படம், நாளத்தில் சாயம் ஏற்றி எடுக்கும் சி.ரி. ஸ்கான். சிறுநீரக ரிப்போர்ட்டோடு போங்கள். சீனி நோய்க்கு மெட்ஃபோமின் குடிக்கிறவர்கள் அதையும் சொல்ல வேண்டும். ரிப்போர்ட்டில் 'அன்ரீரியர் மீடியாஸ்ரைனல் மாஸ்' என்று இருக்கும். நெஞ்சறையின் முன்பகுதியில் கட்டி என்பதுதான் அதன் பொருள். அது நோயின் பெயர் இல்லை, இடத்தின் பெயர். கொட்டாஞ்சேனையில் ஒரு அம்மா அந்தச் சொற்களைக் காட்டி "தம்பி, இது கான்சரோ?" என்று அழுதது இன்னும் நினைவில் இருக்கிறது. அந்தச் சொல்லில் கான்சரும் இல்லை, கான்சர் இல்லையென்பதும் இல்லை.

படத்தைப் பார்ப்பவர் தேடுவது சில சங்கதிகள். விளிம்பு வழவழப்பா, பிய்ந்ததா? பக்கத்துக் கொழுப்பு தெளிவாக இருக்கிறதா? இதய உறை, பெருநாளம், நுரையீரல் எதையாவது பிடித்திருக்கிறதா? நுரையீரல் உறையில் சிறு முடிச்சுகள் சிதறியிருக்கின்றனவா? தைமோமா பரவினால் பெரும்பாலும் அந்த உறையில்தான் சொட்டுச் சொட்டாக விழும். நிணநீர் முடிச்சுகள் பெருத்து, விளிம்பு ஒழுங்கற்றுப் போயிருந்தால் தைமஸ் புற்றையோ லிம்போமாவையோ நினைப்பார்கள். உள்ளே கொழுப்பும் சுண்ணாம்பும் நீரும் கலந்திருந்தால் ரெறற்றோமா என்ற கருவணுக் கட்டி. அதற்குள் மயிரும் பல்லும்கூட இருக்கும். தைமோலிப்போமா வேறு விதமாக ஏமாற்றும். 20 சென்ரிமீற்றர் தாண்டி வளர்ந்தாலும் மென்மையான கொழுப்பென்பதால் இதயத்தின் மேல் துணி போலப் படிந்து, எக்ஸ்ரேயில் இதயம் வீங்கியது போலத் தெரியும்.

இரண்டு பொறிகளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் தேவையில்லாமல் நெஞ்சைத் திறப்பது இந்த இரண்டால்தான் அதிகம் நடக்கிறது.

முதலாவது நீர்க்கட்டி. வெறும் நீர் என்றால் சி.ரி.யில் சுலபமாகத் தெரியும். ஆனால் தைமஸ் நீர்க்கட்டிக்குள் புரதமோ பழைய இரத்தமோ இருந்தால், அடர்த்தி ஏறித் திண்மக் கட்டி போலத் தோன்றும். சிறியதாக, உருண்டையாக, வழவழப்பாக ஒன்று இருந்து, அது திண்மமா நீரா என்று சந்தேகம் வந்தால், எம்.ஆர்.ஐ. ஸ்கான் எடுத்தால் பெரும்பாலும் தெளிவாகிவிடும். எளிய நீர்க்கட்டி என்றால் பெரும்பாலும் அவதானித்தால் போதும். அதேவேளை, சுவர் தடித்து உள்ளே முடிச்சு இருந்தால் அலட்சியமும் கூடாது. தைமோமாவும் சில லிம்போமாக்களும் நீர்க்கட்டி வேடத்தில் வரும்.

இரண்டாவது, சுரப்பியே பருப்பது. கீமோ முடித்தவர்களுக்கு, கடும் நோயிலிருந்து தேறியவர்களுக்குச் சுருங்கிய தைமஸ் மறுபடி எழும்பும். தைரொயிட் அதிகம் சுரக்கும் கிறேவ்ஸ் நோயிலும் தைமஸ் பெருக்கும். சீனியை அதிகம் இழுக்கும் கலங்களைக் காட்டும் பெட் ஸ்கானிலும் அது ஒளிரும், புற்றுநோய் திரும்பிவிட்டது என்று எல்லோரும் பயந்துவிடுவார்கள். எம்.ஆர்.ஐ.யில் கொழுப்பின் சமிக்ஞையையும் நீரின் சமிக்ஞையையும் ஒன்றையொன்று கழிக்கவைத்து எடுக்கும் ஒரு முறை உண்டு. பருத்த சுரப்பியில் கொழுப்பு ஊடுருவிக் கலந்திருப்பதால் அந்தப் படத்தில் கறுத்துவிடும். கட்டியில் அப்படிக் கலந்திருக்காது, கறுக்காது. வளர்ந்தவர்களுக்கு இது நல்ல சோதனை. சிறுபிள்ளைகளின் தைமஸில் இன்னும் கொழுப்புச் சேர்ந்திருக்காததால் அவர்களுக்கு அவ்வளவு உதவாது.

பெட் ஸ்கான் எல்லோருக்கும் தேவைப்படாது. புற்றோ லிம்போமாவோ சந்தேகம் என்றால், அல்லது பரவியிருக்கிறதா என்று பார்க்க வேண்டுமென்றால் பயன் உண்டு.

படி 5: ஊசி குத்துவதா, நேரே எடுப்பதா?

'எந்தக் கட்டிக்கும் முதலில் பயொப்சி' என்று நாம் பழகியிருக்கிறோம். தைமஸில் அது எப்போதும் சரியில்லை. வயது, படம், மையஸ்தீனியா எல்லாம் தைமோமா என்று சொல்லி, கட்டி தன் உறைக்குள், முழுதாக எடுக்கக்கூடிய நிலையில் இருந்தால், பயொப்சி இல்லாமலே முழுச் சுரப்பியோடு சேர்த்து எடுப்பது ஏற்றுக்கொள்ளப்பட்ட முறை. முன்பே சொன்னதுபோல இது நுரையீரல் உறையில் சொட்டாக விழும் கட்டி. ஊசி அந்த நுரையீரல் உறையைக் கடந்து போனால் கலங்கள் அங்கே சிந்தலாம். ஆகவே வைத்தியர் 'பயொப்சி வேண்டாம், எடுத்துவிடுவோம்' என்றால் அவசரப்படுகிறார் என்று நினைக்காதீர்கள். காரணத்தைக் கேளுங்கள்.

பயொப்சி கட்டாயம் வேண்டிய இடங்களும் உண்டு. லிம்போமா சந்தேகம், ஏனென்றால் அதற்கு மருந்துதான் வைத்தியம், வெட்டி எடுப்பது வீண். கட்டி பெருநாளத்தையும் மற்றவற்றையும் பிடித்து உடனே எடுக்க முடியாத நிலை. முதலில் கீமோ கொடுத்துச் சுருக்க வேண்டியிருக்கும், அதற்குப் பெயர் உறுதியாக வேண்டும். படம் எதற்கும் பிடிகொடுக்காத நிலை. கழுத்திலோ கக்கத்திலோ நிணநீர் முடிச்சு இருந்தால் நெஞ்சைக் குத்துவதை விட அதை எடுப்பது சுலபம்.

எடுப்பதென்றால் தடித்த ஊசியால் உருளைத் துண்டு எடுக்க வேண்டும். மெல்லிய ஊசியால் உறிஞ்சிய தனிக் கலங்களை வைத்துத் தைமோமாவையும் லிம்போமாவையும் பிரிப்பது மிகக் கடினம். நெஞ்செலும்பின் ஓரமாக, நுரையீரல் உறையைத் தொடாத பாதையில் சி.ரி. பார்த்துக்கொண்டே குத்துவார்கள். போதாவிட்டால் விலா எலும்புகளுக்கிடையே சிறு வெட்டு வைத்து எடுப்பார்கள். நிமிர்ந்து படுக்க முடியுமா, எத்தனை தலையணை வேண்டும் என்பதை முன்கூட்டியே சொல்லுங்கள். பெரிய கட்டி உள்ளவரை மயக்கிப் படுக்க வைத்தால் சுவாசக் குழாய் அமுங்கும் ஆபத்து உண்டு.

இன்னுமொன்று. லிம்போமா சந்தேகம் இருக்கும்போது பயொப்சிக்கு முன் ஸ்ரீரொயிட் தொடங்கினால், கட்டி கரைந்து துண்டில் ஒன்றும் மிஞ்சாமல் போகலாம். உயிர் காக்கக் கொடுத்தே ஆக வேண்டிய நேரம் வேறு. இருமலுக்கோ மூச்சுக்கோ யாராவது பிரட்னிசலோன் தந்திருந்தால் அதைச் சொல்லுங்கள், படிவத்தில் எழுதச் சொல்லுங்கள்.

படி 6: துண்டு எங்கள் மேசைக்கு வந்த பிறகு

இங்கேதான் நான் நாள் முழுக்க நிற்கிறேன். துண்டு போமலினில் ஊற வேண்டும், பிறகு மெழுகில் பதிக்க வேண்டும், முடியை விடப் பன்மடங்கு மெல்லியதாகச் சீவி, சாயம் ஏற்ற வேண்டும். இந்த வேலைகளை அவசரப்படுத்தினால் இழையம் கெடும். லிம்போமா சந்தேகம் இருந்தால் ஒரு துண்டைப் போமலினில் போடாமல் பச்சையாகவே அனுப்ப வேண்டும், கலங்களை ஃப்ளோ சைற்றோமெற்றியில் எண்ணிப் பார்க்க. போமலினில் விழுந்த துண்டை அதற்குத் திரும்ப எடுக்க வழியில்லை. இதை எடுப்பதற்கு முன்பே தீர்மானித்திருக்க வேண்டும்.

சின்னம்மாவுக்கு நடந்ததை இப்போது விளக்கலாம். பி1 தைமோமாவில் கட்டிக் கலங்கள் கொஞ்சம்தான். அவை வலைபோலப் பரந்திருக்க, இடையில் இளம் ரி கலங்கள் நிறைந்து கிடக்கும். அவை நோயில்லாத கலங்கள், தைமஸில் பயிற்சிக்கு வந்தவை. அவற்றில் ரி.டி.ரி. என்ற குறி நிறம் ஏறும், வேகமாகப் பெருகும் அடையாளமும் இருக்கும். லிம்போபிளாஸ்டிக் லிம்போமாவின் கலங்களுக்கும் இதே குறிகள்தான். சிறு துண்டில், வேறு தகவல் இல்லாமல் பார்த்தால் இரண்டும் ஒன்றாகத் தெரியும். கெரட்டின் சாயம் ஏற்றினால் கட்டிக் கலங்களின் அந்த வலை பழுப்பு நிறத்தில் எழுந்து நிற்கும். லிம்போமாவில் அந்த வலை இருக்காது, அல்லது கிழிந்து போயிருக்கும். இன்னும் சந்தேகம் என்றால், ரி கலங்கள் ஒரே மூலத்திலிருந்து வந்தவையா, பலவா என்று மரபணுவில் பார்க்கலாம். வயதும் பேசும்: லிம்போபிளாஸ்டிக் லிம்போமா பெரும்பாலும் இளவயதினருக்கு, அதிலும் பையன்களுக்கு வருவது. 52 வயதுப் பெண், இமை இறங்குகிறது என்ற ஒரு வரி படிவத்தில் இருந்திருந்தால் கெரட்டின் முதல் நாளே ஏறியிருக்கும்.

மற்ற அரிய வகைகளுக்கும் இப்படி ஒவ்வொரு தடயம் உண்டு. தைமஸ் புற்றில் கட்டிக் கலங்களிலேயே சி.டி.5, சி.டி.117 ஆகிய குறிகள் பல நேரம் நிறம் காட்டும், இளம் ரி கலங்கள் இருப்பதில்லை. கார்சினொயிட்டில் சினப்டோஃபிசின், குரோமோகிரானின் நிறம் ஏறும். அதில் கலப் பிரிவுகளை எண்ணிக் கிரேட் சொல்வார்கள். நட் கார்சினோமா என்று மிகக் கொடியது ஒன்று இருக்கிறது. இளவயதினருக்கும் வரும், உடம்பின் நடுக்கோட்டில் வளரும், நட்எம்1 மரபணு இன்னொன்றோடு ஒட்டிக்கொள்வதால் உண்டாவது. நட் சாயம் கேட்டால்தான் அகப்படும். தேடாவிட்டால் சாதாரணப் புற்று என்று எழுதிவிட்டுப் போய்விடுவோம். இதற்கு நேர்மாறாக மெற்றாபிளாஸ்ரிக் தைமோமா கதிர் போல நீண்ட கலங்களோடு பயமுறுத்தும் தோற்றம் காட்டும், ஆனால் பெரும்பாலும் சாது. யாப்1, மாமல்2 என்ற இரண்டு மரபணுக்கள் ஒட்டியிருப்பது அதன் அடையாளம்.

முழுக் கட்டியையும் எடுத்து அனுப்பும்போது, எந்தப் பக்கம் இதயம், எந்தப் பக்கம் நுரையீரல் என்று சத்திரசிகிச்சை நிபுணர் நூலால் குறித்து அனுப்பினால் எங்களுக்குப் பேருதவி. குறி இல்லாத கட்டியில், விளிம்பில் கட்டிக் கலம் இருக்கிறது என்று சொல்லலாம், அது எந்த விளிம்பு என்று சொல்ல முடியாது.

படி 7: ரிப்போர்ட்டை வாசிப்பது

உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாடு 1999இல் வந்தது, 2021இல் ஐந்தாம் பதிப்பு. அதன்படி தைமோமா ஏ, ஏபி, பி1, பி2, பி3 என்று பிரியும். ஏ, ஏபி பொதுவாகச் சாது; பி3 பக்கம் போகப் போக வேகம் கூடும். தைமஸ் புற்று தனி வகை. 'இது பினைனா, மலிக்னன்டா' (சாதுவா, புற்றா) என்று கேட்டால், சில சிறு விதிவிலக்குகள் தவிர எல்லாத் தைமோமாவும் பரவும் வல்லமை உள்ளவைதான் என்பதே இன்றைய நிலை.

அந்த எழுத்தை விடக் கட்டத்தைப் பார்ப்பது முக்கியம். அகிரா மசவோக்கா 1981இல் வகுத்து, 1994இல் கோகா திருத்திய முறை இன்னும் பல ரிப்போர்ட்டில் வரும். கட்டம் 1 என்றால் கட்டி தன் சொந்த உறைக்குள். 2 என்றால் அந்த உறையைத் தாண்டிப் பக்கத்துக் கொழுப்பில். 3 என்றால் இதய உறை, பெருநாளம், நுரையீரல் போன்ற அயல் உறுப்பில். 4 என்றால் நுரையீரல், இதய உறைகளில் சிதறியோ தூரத்திலோ பரவியது. 2017இலிருந்து, கட்டி, நிணநீர் முடிச்சு, தூரப் பரவல் மூன்றையும் தனித்தனியாகக் குறிக்கும் டி.என்.எம். முறையும் சேர்ந்து வருகிறது. கட்டமும், விளிம்பு சுத்தமா என்பதும்தான் அடுத்த வைத்தியத்தைப் பெரும்பாலும் தீர்மானிக்கும். ரிப்போர்ட்டில் இவை இரண்டும் இல்லையென்றால் கேட்டு வாங்குங்கள்.

படி 8: இரண்டாவது கண்

இவ்வளவு அரிய கட்டிக்கு இரண்டாவது நிபுணரின் பார்வை கேட்பது யாரையும் அவமதிப்பதாகாது. நோயியல் நிபுணர்களே தங்களுக்குள் ஸ்லைடுகளைக் கைமாற்றிக் கேட்பார்கள். எடுத்த இடத்துக்குக் கடிதம் கொடுத்து, ஸ்லைடுகளையும் மெழுகுக் கட்டையையும் கேளுங்கள். எங்கள் பேச்சில் அது 'புளொக்'. ஸ்லைட் மட்டும் போதாது. புதுச் சாயம் ஏற்ற வேண்டுமென்றால் புளொக்கிலிருந்துதான் சீவ வேண்டும். வெயிலில் காரில் வைக்காதீர்கள், மெழுகு இளகும். பார்த்து முடிந்ததும் திரும்பக் கொண்டுபோய்க் கொடுத்துக் கையெழுத்து வாங்குங்கள்.

அந்தப் புதுப் படிவத்தில் கொப்பியில் உள்ளதெல்லாம் ஏற வேண்டும்: வயது, இமை, மெல்ல முடியாமை, இரத்த ரிப்போர்ட், ஸ்கானின் சுருக்கம், முன்பு எடுத்த மருந்து. பிறகு நெஞ்சறைச் சத்திரசிகிச்சை நிபுணர், நரம்பியல் வைத்தியர், புற்றுநோய் வைத்தியர், கதிரியக்கவியலாளர், நோயியல் நிபுணர் ஒன்றாக இருந்து பேசும் கூட்டத்தில் உங்கள் பைல் வைக்கப்படுமா என்று கேளுங்கள்.

சின்னம்மாவின் கட்டி கட்டம் 2. பிரிடோஸ்டிக்மின் என்ற மையஸ்தீனியா மருந்தால் பலத்தைத் தேற்றிய பிறகே நெஞ்சைத் திறந்தார்கள். விளிம்பு சுத்தம். இமை உடனே சரியாகவில்லை, மாதங்கள் எடுத்தது. கட்டியை எடுத்தாலும் மையஸ்தீனியா நிற்காமல் தொடரலாம் என்று முதலிலேயே சொல்லியிருந்தார்கள். தைமோமா பல வருடம் கழித்தும் திரும்பும் என்பதால், பத்து வருடத்துக்கு மேலும் ஸ்கானோடு தொடர்ந்து பார்ப்பார்கள். அவருடைய அடுத்த ஸ்கான் ஐப்பசியில். திகதியைக் கொப்பியின் முதல் பக்கத்தில், பாவிக்கக் கூடாத மருந்துகளின் பட்டியலுக்கு மேலே, சிவப்பு மையால் எழுதி வைத்திருக்கிறார்.